அங்கம்மாவின் மொச்சைக் குழம்பு

எங்கள் சந்தில் யாரும் சாவுக்குக்கூட அவ்வளவாகப் பயந்ததில்லை. அங்கம்மா குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "உன் வூட்டுக்காரருக்குத் துன்றதுல இன்னா புடிக்காது?" என்று கேட்பாளே, அதற்குத்தான் பயம். அவள் கேட்டுவிட்டால், வீட்டுக்கு ஓடிப்போய்ப் புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பெண்கள் உண்டு. நானும் பார்த்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டையில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது எங்கள் சந்து. முப்பது வீடுகள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொடுக்க வேண்டும் என்பதில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் இல்லை. அந்த அக்கம்பக்கம் என்பது முழுக்கத் தானேதான் என்று அங்கம்மா முடிவு செய்திருந்தாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. குள்ளமான உருவம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, சந்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். பிள்ளைகள் இல்லை. புருஷன் லட்சுமணன் துறைமுகத்தில் கிரேனில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி. குரல் என்று ஒன்று அவருக்கு இருந்ததா என்பதே சந்தேகம்.

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம் அது. தன் பங்கு அரிசியில்தான் அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு உலை வைப்பாள். அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வேகும். அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டாள். மற்றபடி திறந்த வாய் மூடாது. வேறு எவளாவது நல்லெண்ணத்தில் ஒரு சட்டி ரசம் கொண்டுபோனால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். "அழுதுகினுகீறவளுக்கு உப்பு தெரியாது, சரி. ஆக்குனவளுமா அழுதுகினு இருந்தா?" என்று கேட்பாள். அதனால் நாளடைவில் நாங்களெல்லாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டோம். நல்லதாகப் போயிற்று என்றும் இருந்துவிட்டோம்.

அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. துக்க வீட்டுக்குப் போகும் முதல் சோறு, செத்தவருக்குப் பிடிக்காததாக இருக்க வேண்டும்.

"புடிச்சத வச்சா இலையப் பாத்து ஒப்பாரிதான் வரும். புடிக்காதத வையி. 'இத்தக் கண்டா ஓடுவாரே'ன்னு யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறப்பாங்க. பேச்சு எறங்கிச்சின்னா சோறும் எறங்கும். புடிச்சதயெல்லாம் பதினாறாம் நாள் படைச்சிக்கலாம்," என்பாள்.

செத்த பிறகு போய் இதை விசாரிக்க முடியாதல்லவா? ஆகவே எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டாள். கிட்டத்தட்ட முப்பது வீட்டு வெறுப்பும் அவளுக்கு மனப்பாடம். என் மாமனாருக்கு இழுப்பு நோய். அங்கம்மா வாசலில் தெரிந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். தனக்குப் பிடிக்காதது அவளுக்குத் தெரியாதவரை எமன் வரமாட்டான் என்று அவருக்கு ஒரு கணக்கு.

எமன் வந்தான், ஆனால் மாமியாருக்கு. நாற்பத்தேழாம் வருஷம். நன்றாக இருந்த மனுஷி. மாமனார் ஒன்றரை நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அங்கம்மா பாகற்காய்க் குழம்பு கொண்டுவந்து அவர் முன்னால் இலை போட்டாள். அவர் குழம்பையே பார்த்தார். பிறகு, பெண் பார்க்கப் போன அன்று என் மாமியார் இலையிலும் யாரோ பாகற்காயை வைத்துவிட, அவள் அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்துபோன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே இரண்டு தரம் சோறு வாங்கினார். அன்றுமுதல் நான் அங்கம்மாவின் சட்டத்தைக் கேலி செய்வதை விட்டேன். அவளைக் கேலி செய்வதை விடவில்லை.

அவளுடைய பெருமையெல்லாம் ஒரு குழம்பில் இருந்தது. மொச்சைக்கொட்டை கத்தரிக்காய்க் குழம்பு. வியாழக்கிழமையே மொச்சையை ஊறப் போட்டு, வெள்ளிக்கிழமை விடிந்ததும் வறுத்து அரைத்துக் கூட்டுவாள். சந்து முழுக்க வாசனை அடிக்கும். லட்சுமணனின் சாப்பாட்டுத் தூக்கில் அது தளும்பத் தளும்பப் போகும், மாலையில் கழுவிக் கவிழ்த்த மாதிரி காலியாக வரும். "எங்க வூட்டு மனுசனுக்கு இது உசுரு," என்று குழாயடியில் சொல்வாள். அவருக்கு என்ன பிடிக்காது என்று நாங்கள் திருப்பிக் கேட்டால், "அவருக்குப் புடிக்காததுன்னு ஒண்ணுமே கெடையாது," என்று முடித்துவிடுவாள்.

ஐம்பத்தொன்று ஆடி மாதத்தில் லட்சுமணன் வேலையிலிருந்து வந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று பாயில் சாய்ந்தார். அங்கம்மா சுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் மூலக்கொத்தளத்தில் அடக்கம்.

இப்போது அங்கம்மா வீட்டுக்கு யார் சோறாக்குவது? சந்தே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பரீட்சை வைக்கிற வாத்தியாருக்கே பரீட்சை எழுதப் போவதுபோல் இருந்தது. எதிர்வீட்டுப் பட்டம்மாள் துணிந்து சாம்பார் சோறு கொண்டுபோனாள். அங்கம்மா மூடியைக்கூடத் திறக்கவில்லை. நான் ரசமும் அப்பளமும் எடுத்துப் போனேன். உப்பு தூக்கல் என்று எனக்கே தெரியும். ஒரு வசை விழாதா, ஒரு குறை சொல்லமாட்டாளா என்று பக்கத்திலேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் எழுந்து நின்றவள் தலைசுற்றி அம்மிக்கல் மேல் விழுந்தாள். இன்னும் ஒரு நாள் இப்படிப் போனால் இரண்டாவது பாடை கட்ட வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அவள் சட்டப்படியே செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஆனால் லட்சுமணனுக்குப் பிடிக்காதது என்ன? கேட்ட வீடுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் நான் சந்துக் கோடியில் இருந்த உசேன் பாய் வீட்டுக்குப் போனேன். உசேன் பாயும் அதே கிரேனில்தான் வேலை. மத்தியானச் சங்கு ஊதினால் இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

நான் கேட்டதும் பாய் தாடியைத் தடவினார். தரையைப் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை என்றார். அவர் மனைவி பதுருன்னிசா அடுக்களையிலிருந்து வந்து, ஓர் உயிர் போகிற நேரத்தில் என்ன ரகசியம் என்று அதட்டினாள்.

"மொச்சக் கொழம்பு," என்றார் பாய்.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. கல்யாணமான புதிதில் லட்சுமணன் ஒருநாள் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். அதற்கப்புறம் வாபஸ் வாங்க வழியில்லை. மொச்சை வாசனையே அவருக்கு ஆகாது. பதினெட்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் தூக்கை மாற்றிக்கொண்டு, பதுருன்னிசாவின் பருப்புச் சோற்றை அவரும், அங்கம்மாவின் குழம்பை பாயும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அதை ஆக்கிக்கொண்டு போனால் உண்மை தெரிந்துபோகும். போகாவிட்டால் அவள் பிழைக்கமாட்டாள். நான் கோழை, வேண்டாம் என்றேன். பதுருன்னிசா மொச்சையை வெந்நீரில் ஊறப் போட்டாள்.

மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் போனோம். பாய் வாசலோடு நின்றுகொண்டார். பதுருன்னிசா சட்டியைத் திறந்ததும், மூன்று நாள் வாய் திறக்காத அங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது? அவருக்கு உசுரானத எம்முன்னாடி கொண்டாந்து வக்கிறீங்க? என் சட்டம் தெரியாதா உங்களுக்கு?"

நான் சுவரைப் பார்த்தேன். பதுருன்னிசா இலையைப் போட்டுக்கொண்டே, "உன் சட்டப்படிதான்க்கா ஆக்குனோம்," என்றாள்.

அங்கம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடம்தான்.

"எத்தினி வருசமா?"

"ஆரம்பத்துலேந்தே."

"அப்ப யாருதான் துன்னது?"

வாசலிலிருந்து பாய் குரல் கொடுத்தார். "நான்தான் அண்ணி."

அங்கம்மா குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெண்டைக்காய் போட்டிருப்பேனே, அந்த மனுஷன் வாயில் கொழுக்கட்டையா இருந்தது என்று மெதுவாக ஆரம்பித்தாள். குரல் ஏறியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூக்கைக் கையில் கொடுத்து நன்றாக இருந்தது என்று அவர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். அப்படிச் சொல்லும்போதுதான் உடைந்தாள். வாய்விட்டு அழுதாள், நடுவில் ஒருதரம் சிரிக்கவும் செய்தாள். அழுது ஓய்ந்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"புளி பத்தல," என்றாள்.

எனக்குப் போன உயிர் வந்தது.

பதினாறு முடிந்ததும் அங்கம்மா மறுபடி வெள்ளிக்கிழமைகளில் மொச்சை வேகவைத்தாள். இந்தத் தடவை நேராக உசேன் பாய்க்கு. இந்த ஊரில் தன் கைப்பக்குவம் தெரிந்த ஒரே வாய் அதுதான் என்று குழாயடியில் சொல்வாள். தூக்கு முன்னைவிடப் பெரிதாயிற்று. பாயும் வாங்கிக்கொண்டு, அல்லா உனக்குக் குறை வைக்கமாட்டான் அண்ணி என்று சொல்லி அனுப்புவார். இப்படி ஆறு வருஷம்.

ஐம்பத்தேழில் உசேன் பாய் காய்ச்சலில் மவுத்தானார். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகு, அங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பதுருன்னிசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நானும் இருந்தேன். எல்லோர் வெறுப்பையும் முன்கூட்டியே விசாரித்தவள், பாய் விஷயத்தில் கேட்கத் தோன்றாமலே இருந்துவிட்டாள்.

"பதுரு, பாய்க்கு இன்னா புடிக்காது?"

பதுருன்னிசா என்னைப் பார்த்தாள். நான் பாயின் செருப்பைப் பார்த்தேன்.

"கோச்சிக்காதக்கா. உன் மொச்சக் கொழம்புதான்," என்றாள்.

தோஸ்து கையால் கொடுத்ததைக் கொட்டக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாராம். பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து பதுருன்னிசாவுக்கு வைப்பாராம். "எம்மேல ஆசையிலதான் மிச்சம் வச்சிக் கொண்டாராருன்னு பத்து வருசம் நம்பிகினு இருந்தேன்," என்றாள். லட்சுமணன் போன பிறகும் அண்ணி மனசு நோகுமே என்று ஆறு வருஷம் சாப்பிட்டிருக்கிறார்.

அங்கம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். இனி இந்த ஜென்மத்தில் இந்த வாசல் மிதிக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்ல இதுவா நேரம் என்று பதுருன்னிசா மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அங்கம்மா வீட்டுக் கூரையில் புகை தெரிந்தது. அப்புறம் சந்து முழுக்க அந்த வாசனை வந்தது.

சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பதுருன்னிசா முன்னால் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினாள். பதுருன்னிசா அதைப் பார்த்ததும், மொச்சையை ஒவ்வொன்றாக உரித்து, தோலைத் தட்டு ஓரத்தில் பாய் எப்படி வரிசையாக அடுக்குவார் என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, சோறும் இறங்கியது. அங்கம்மா தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். எனக்கும் ஒன்று வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஏமாத்திட்டானுங்க. நீயாச்சும் நெசத்த சொல்லு. கொழம்பு எப்பிடி கீது?" என்றாள் என்னிடம்.

நான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். சத்தியமாக நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டிகூடக் கேட்டு வாங்கினேன்.

அங்கம்மா நம்பவில்லை.