தீர்ப்பின் முழுப் பிரதி

நான் குடியிருந்த அறையின் சொந்தக்காரர் கட்டடத்தை விற்கப்போவதாகச் சொன்ன பிறகுதான் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் அரச வீட்டுக்கு விண்ணப்பம் போடுவோம் என்று நினைத்தேன். அதற்கு முன்பும் போட்டிருக்கலாம். பாரிஸின் லாச்சப்பலில் எனக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன: வேலை செய்யும் உணவகக் குசினி, மரக்கறிக் கடை, முடிவெட்டும் இடம், பேசிக்கொள்ளத் தமிழ். வீடு என்று ஒன்று தனியாக வேண்டும் என்று நினைக்க நேரம் வரவில்லை என்றே இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பத்தில் குடும்ப நிலை என்ற கேள்விக்கு 'விவாகரத்தானவர்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். மூன்று கிழமைக்குள் பதில் வந்தது. விவாகரத்துத் தீர்ப்பின் பிரதியை அனுப்ப வேண்டுமாம்.

என்னிடம் அது இல்லை. தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அது என் கைக்கு வர நான் விடவில்லை. அந்த நாட்களில், பதிவுத் தபால் வந்திருக்கிறது, அஞ்சலகத்தில் வந்து எடுத்துக்கொள்ளவும் என்று தபால்காரர் விட்டுப்போன துண்டுகளை நான் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். எடுக்காவிட்டால் நடக்காது என்று நினைத்தேனோ என்னவோ. பிறகு ஒருநாள், உடன் வேலை செய்தவர் ஒருவர் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று, "அண்ணை, உங்கடை விசயம் முடிஞ்சுதாம்" என்றார். எந்த நீதிமன்றம், எந்தத் திகதி என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரங்கள் புதுச்சேரிக்காரப் பெண்மணி ஒருவர் வந்து உட்காருவார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார், கடிதம் எழுதிக் கொடுப்பார். நாங்கள் எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டு அலுவலகத்தின் கடிதத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"தீர்ப்பு கையில இல்லையா? பரவால்ல தம்பி. எங்க கல்யாணம் பதிவு பண்ணீங்க?"

"இஞ்சைதான் மதாம். இந்த வட்டாரத்து மேரியிலை."

"அப்ப மொதல்ல மேரிக்கு எழுதி கல்யாணப் பத்திரத்தோட முழு காப்பி கேப்போம். விவாகரத்து ஆனா ஓரத்துல குறிப்பு எழுதிடுவாங்க. எந்த திரிபுனால், அதான் கோர்ட்டு, எந்த தேதின்னு அதுல இருக்கும். அத வச்சு திரிபுனாலுக்கு எழுதலாம்."

மேரி என்கிற நகரசபையின் பிரதி பத்து நாளில் வந்தது. ஒரே ஒரு தாள். நடுவில் என் பெயர், அவளுடைய பெயர், எங்கள் தாய் தகப்பன் பெயர்கள், சாட்சிகள். அந்தப் பெயர்கள் ஒரு தாளில் ஒன்றாக இருப்பதைப் பார்த்து எத்தனை காலமாகிறது. இடது ஓரத்தில் சின்ன எழுத்தில் இரண்டு வரிகள்.

மதாம் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். என்னை விட்டு அவள் போய் இருந்த புறநகரான கூசேன்வில் பக்கத்து நீதிமன்றமாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, பாரிஸிலேயே நடந்திருக்கிறது. பிள்ளைகள் இல்லாதவர்கள் என்றால் வழக்குப் போடுகிறவர் மற்றவர் வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்று மதாம் விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் அவள் கூசேன்வில்லில் ரயிலேறி, கார் து நோர் நிலையத்தைக் கடந்து நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறாள். அந்த நிலையத்திலிருந்து என் குசினிக்கு நடந்தால் பத்து நிமிடம். திகதியை மதாம் கைத்தொலைபேசியில் பார்த்து, அது ஒரு செவ்வாய்க்கிழமை என்றார். செவ்வாய்க்கிழமைகளில் காலையில் எனக்கு உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை. அவள் அந்த நிலையத்தில் கூட்டத்தோடு நடந்துபோன நேரம் நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு நீதிமன்றப் பதிவாளருக்கு அனுப்பும் படிவத்தை மதாம் எடுத்தார். வழக்கின் இலக்கம் தெரியாது. ஆனால் இரண்டு பெயரும் திகதியும் போதும் என்றார்.

"முழு தீர்ப்பா, இல்ல கடைசி முடிவு மட்டுமா?"

"முடிவு மட்டும் காணும், மதாம்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வெளியாள் கேட்டா முடிவு மட்டும்தான் குடுப்பாங்க. நீங்க இந்த வழக்குல ஒரு கட்சிக்காரர். முழுசும் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வீட்டு ஆபீஸ்ல அப்புறம் முழுசா கொண்டான்னு சொன்னா திரும்ப மூணு மாசம் காத்திருக்கணும்."

"சரி, முழுசாக் கேளுங்கோ."

முழுத் தீர்ப்பு என்ற கட்டத்தில் மதாம் அந்த ஒரு புள்ளடி போடாமல் விட்டிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பழைய கோப்புகள் களஞ்சியத்துக்குப் போய்விட்டன, எடுத்துவரக் காலமாகும் என்று ஒரு கடிதம் வந்தது. காத்திருந்தேன். காத்திருந்த அந்த நாட்களில்தான், நான் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்ததெல்லாம் திரும்பி வந்தது.

அவள் மனைவியாக வந்தபோது நான் இரண்டு அறை வீடொன்றில் இருந்தேன். என்னோடு என் தம்பி, ஊரவர் இரண்டு பேர், ஒரு நண்பனின் அண்ணன். யாருக்கும் வேறு இடம் இல்லை. நான் பாரிஸுக்கு வந்து இறங்கிய கிழமை முன்பின் தெரியாத ஒருவர் தன் படுக்கைக்குப் பக்கத்தில் எனக்குப் பாய் விரித்துக் கொடுத்தவர். அதை நினைத்து நான் யாரையும் போகச் சொல்லவில்லை. பெரிய வீடு காத்திருக்கும் என்று அவள் கனவு கண்டுகொண்டு வந்திருக்கமாட்டாள். ஆனால் ஐந்து ஆண்களுக்குச் சமைக்கத்தான் வந்தேன் என்றும் நினைத்திருக்கமாட்டாள். குளியலறைக் கதவுக்கு முன்னால் துவாயோடு வரிசையில் நிற்பாள். புறநகரில், செவ்ரான் பக்கம் சின்ன வீடு ஏதும் பார்ப்போமா என்று கேட்பாள். "பாப்பம்" என்பேன். அவள் கோபித்துக் கத்தியதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெல்லிய குரலில் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். இரண்டாவது வருடம் புரட்டாதி மாதத்தில், கூசேன்வில்லில் இருந்த தன் பெரியம்மாவின் மகளான அக்காவிடம் போவதாகச் சொல்லி ஒரு பெட்டியோடு போனாள். ஒரு கிழமையில் வருவாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு இரண்டு வரி, கீழே விலாசம். வேறொன்றும் இல்லை.

தீர்ப்பு வந்த அன்று உறையைப் பிரிக்காமல் மதாமிடம் கொண்டுபோனேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. அதில் வெங்காயத்துக்கும் அடுப்புக்கும் சொல் உண்டு, இதற்கு இல்லை. நான்கு பக்கங்கள். மதாம் முதலில் தனக்குள் வாசித்தார்.

"கணவருக்கு முறைப்படி அழைப்பு அனுப்பியும் அவரும் வரல, அவர் சார்புல யாரும் வரலன்னு போட்டிருக்கு."

"ஓம். நான் போகேல்லை."

"அடுத்தது அந்தம்மா சொன்னது. படிக்கட்டுமா? இல்ல, வீட்டுல வச்சு யாரையாவது படிக்கச் சொல்றீங்களா?"

"நீங்களே வாசியுங்கோ மதாம்."

அவர் ஒரு வரி பிரெஞ்சில் வாசிப்பதும் பிறகு தமிழில் சொல்வதுமாகப் போனார். என் மனைவியின் சொற்கள் பிரெஞ்சுக்குப் போய், புதுச்சேரித் தமிழில் என்னிடம் திரும்பி வந்தன. வீட்டில் வேறு நால்வர் இருந்ததை அவள் சொல்லியிருந்தாள். கணவன் கை நீட்டியவர் இல்லை, குடிப்பவரும் இல்லை என்று சொல்லியிருந்தாள். எவருக்கும் இல்லை என்று சொல்ல முடியாத மனிதர் என்று சொல்லியிருந்தாள். கணவனிடமிருந்து தனக்கு எதுவும் வேண்டாம், தகப்பனின் பெயரையே மீண்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறேன் என்று கேட்டிருந்தாள். அதற்கு முன்னால் ஒரு வாக்கியம் இருந்தது. விலாசம் எழுதி அனுப்பிவிட்டுப் பதினான்கு மாதம் காத்திருந்ததாகவும், அந்தக் காலத்தில் கணவன் ஒருமுறையேனும் வரவில்லை என்றும்.

"மதாம், இதைத் திருத்தேலாதோ?"

"எத?"

"நான் வரேல்லை எண்டு இருக்கிறதை. நான் போனனான்."

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "பேர் தப்பா இருந்தா, தேதி தப்பா இருந்தா திருத்தச் சொல்லி எழுதலாம் தம்பி. இது அந்தம்மா சொன்ன வார்த்தை. பதில் சொல்ல உங்களுக்கும் ஒரு நாள் குடுத்தாங்க. அது போயிடுச்சு. மேல்முறையீட்டுக்கும் கெடு முடிஞ்சு எவ்வளவோ வருஷமாச்சு." பிறகு, பின்னால் காத்திருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "எப்ப போனீங்க?" என்று கேட்டார்.

அதுவரை நான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளிர் கூடியிருந்தது. அவள் புரட்டாதியில் போட்டுக்கொண்டு போனது மெல்லிய செருப்பு. குளிர்காலச் சப்பாத்து கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அதை ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். கூசேன்வில்லில் இறங்கி விலாசத்தைக் காட்டிக் கேட்டுக் கேட்டுப் போனேன். அந்தத் தெருவின் முனையில் நிற்கும்போதே அவளைக் கண்டேன். அக்காவின் சின்ன மகளைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். பிள்ளை பிரெஞ்சில் எண்ணிக்கொடுக்க இவள் திருப்பிச் சொல்லிப் பிழைவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் நெடுநாள் கண்டிருக்கவில்லை. கிட்டப் போனால் அவள் கேட்கப்போவது ஒரே கேள்வி. அவர்கள் போய்விட்டார்களா? நான் வெளிக்கிடும்போது நால்வரும் போர்த்திக்கொண்டு நித்திரை. அந்தக் கேள்விக்கு நின்று முகம் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. பையோடு திரும்பி நிலையத்துக்கு நடந்தேன். அந்தச் சப்பாத்துகளைத் தம்பி வீடு மாறும்போது யாருக்கோ கொடுத்துவிட்டான்.

மதாம் எழுந்துபோய் தீர்ப்பை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டு அலுவலகத்துக்கு உறையில் போட்டு, மற்றதையும் மூலத்தையும் என்னிடம் தந்தார். "மூலத்த யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார்.

அவளுடைய அக்காவை நான் அதற்குப் பிறகும் பல தடவை கண்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்க வருவா. என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வா. நானும் கடையை மாற்றிக்கொள்வேன். தீர்ப்பு வந்த அடுத்த மாதம் அவ வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். மச்சாள் என்று கூப்பிட இன்னும் உரிமை இருக்கிறதோ தெரியவில்லை. ஆனாலும் அதுதான் வாயில் வந்தது.

"மச்சாள், எப்பிடி இருக்கிறியள்?"

அவ கையில் வெண்டிக்காயோடு என் பக்கம் திரும்பினா. "இருக்கிறன். நீங்கள் நல்லா மெலிஞ்சு போனியள்."

"அவவுக்கு ஒண்டு சொல்லோணும். இப்ப சொல்லி ஒண்டும் ஆகப்போறேல்லை. எண்டாலும் சொல்லோணும். நான் ஒருக்கா வந்தனான். உங்கடை தெருமுனை வரைக்கும்."

"அது அவவுக்குத் தெரியும்" என்றா மச்சாள். "அவ உங்களைக் கண்டவ. கையிலை ஒரு பை வைச்சிருந்தனீங்கள்."

கடையில் சனம் இடித்துக்கொண்டு போனது.

"அப்ப ஏன் நீதிமன்றத்திலை நான் வரேல்லை எண்டு சொன்னவ?"

"நானும் கேட்டனான். வந்தவர் எண்டு சொன்னா, ஏன் திரும்பிப் போனவர் எண்டு கேப்பினமாம். அதுக்கு உங்களுக்குப் பதிலாத் தன்னாலை மறுமொழி சொல்லேலாதாம். வரேல்லை எண்டு சொன்னா ஒருத்தரும் மேலை கேக்கமாட்டினம் எண்டவ." மச்சாள் தெரிந்தெடுத்த வெண்டிக்காயைப் பையில் போட்டா. "அண்டைக்கு முழுக்க உங்களுக்கெண்டு தேத்தண்ணி வைச்சுச் சூடாக்கிச் சூடாக்கி வைச்சிருந்தவ. ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வருவார் எண்டு."

நான் அவளைப் பற்றிக் கேட்காமலே மச்சாள் சொன்னா. தெற்கே கடலோர நகரம் ஒன்றில் இருக்கிறாளாம். பாலர் பாடசாலையில் வேலை. அங்கேயே ஒருவரைத் திருமணம் செய்து பத்து வருடத்துக்கு மேலாகிறதாம். "நல்ல மனுசன்" என்றா. பிறகு, "நீங்கள் சொன்னதை நான் சொல்லமாட்டன். குறை நினைக்காதேங்கோ" என்றா.

"இல்லை. சொல்லாதேங்கோ. சுகமாயிருக்கட்டும்."

அதை முழு மனதோடுதான் சொன்னேன். ஆனால் வீடு திரும்பும் வழியில், மேம்பாலத்தில் மெற்றோ ரயில் போகும் சத்தத்தினடியில் நின்று, அந்தத் தேநீர் எத்தனை மணிக்குக் கடைசியாக ஆறியிருக்கும் என்று யோசித்தேன். இன்றைக்கும் சில வேளைகளில் யோசிக்கிறேன். தெருமுனையிலிருந்து அந்த வாசலுக்கு அறுபது எழுபது அடி இருக்கும். நான் நடந்துபோன எத்தனையோ தூரங்களில் அந்த அறுபது அடியைத்தான் கால்கள் இன்னும் தேடுகின்றன.

அடுத்த கோடையில் செவ்ரானில் வீடு கிடைத்தது. இரண்டாம் மாடி. ஒரு படுக்கையறை, ஒரு குசினி, தனியாகக் குளியலறை. சாவி வாங்கப் போன அன்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கீசப் பெண் தபால்பெட்டிக்கு ஒட்ட என் பெயரை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது என்று பேனாவால் காட்டி, ஒரு பெயர் மட்டும்தானா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஓம்" என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார். பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னேன்.