பொன் தேடிப் போனவனின் திதி

என் மனைவியின் மச்சான் பனிமலையில் இறந்துபோனதை எழுதுவதானால், அவனுடைய தொலைபேசி அழைப்புகளின் நீளத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அவற்றை ஒன்றுவிடாமல் டயறியில் குறித்திருக்கிறேன். ஞாயிறு, மாலை நாலு பத்து, நாற்பத்தொரு நிமிடம். ஞாயிறு, மாலை நாலரை, முப்பத்தெட்டு நிமிடம். மழை, வெயில், வேலைக்குப் போன நேரம், வந்த நேரம் என்று எல்லாவற்றையும் எழுதுகிறவன் இதையும் எழுதினால் என்ன என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவன் என் மனைவியின் மாமி மகன். ஊரில் இரண்டு வீட்டாரும் அவர்கள் இருவருக்கும் கலியாணம் பேசியிருந்தார்கள். அவனுக்கு நிலையான வேலை எதுவும் அமையாததால், அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த எனக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவன் அகதியாகக் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்தபோது, முன்னமே அங்கே குடியேறியிருந்த எங்கள் வீட்டு முன்னறையில்தான் இரண்டு குளிர்காலம் தங்கினான். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சட்டி பானை கழுவினான். அங்கே சமையல் வேலை செய்த, பிரெஞ்சு பேசும் கியூபெக்காரன் ஒருவனுக்குப் பொன் தேடும் பைத்தியம். மேற்கே மலைகளில், ஆற்று மணலை அரித்தால் தங்கம் கிடைக்கும் என்று அவன் சொல்ல, இவனும் ஓர் இளவேனிலில் பையைக் கட்டிக்கொண்டு அவனோடு போய்விட்டான்.

போன பிறகுதான் அவன் எங்கள் வீட்டில் அதிகமாக இருந்தான். ஞாயிறுதோறும் மலையடிக் கடையொன்றுக்கு இறங்கி வந்து தொலைபேசி எடுப்பான். ஞாயிறு பின்னேரம் நாலு மணியானால் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"இஞ்சாருங்கோ, மச்சான் கழட்டி வைச்ச கால் சப்பாத்தைக் கரடி தூக்கிக்கொண்டு போட்டுதாம்" என்று ஒருநாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நான் டோர்வலிலை நாளுக்கு ஆயிரம் சாப்பாட்டுத் தட்டு எண்ணுறன். அதைக் கேட்டு நீர் ஒருநாளும் சிரிக்கேல்லை."

"தட்டிலை என்ன சிரிப்பு இருக்கு?"

டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்கு உணவு அனுப்பும் களஞ்சியத்தில் எனக்கு வேலை. அவள் சொன்னது சரிதான், தட்டில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டை நான் பாதியில் விட்டு எழுந்தேன்.

ஒருமுறை அவன் சின்ன மருந்துப் போத்தல் ஒன்றில் பொன் துகள் அனுப்பினான். எண்ணிப் பார்த்தேன், பதினொரு துகள். பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. அவள் அதைச் சுவரிலிருந்த சாமித் தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் கழுத்தில் நான் போட்ட தாலிக்கொடி ஒன்பது பவுண். அதை அவள் ஒருநாளாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை அவன் எடுத்தான். வழக்கமான நாள் இல்லை. அவள் கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். படியிறங்கிக் கூப்பிட ஒரு நிமிடம்கூட ஆகாது.

"அண்ணை, மச்சாள் நிக்கிறாவோ?"

"இல்லை. வெளியாலை போட்டா."

"பிரெஞ்சுக்காரன் காலைச் சுளுக்கிக்கொண்டு தூரத்து ரவுண் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். நாளைக்கு விடிய நான் தனியத்தான் மேலை போகோணும். பின்னேரத்துக்குள்ளை மலையிலை இருக்கிற எங்கடை கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்திடுவன். ஸ்னோ வருமெண்டும் சொல்லுறாங்கள். மச்சாளை ஒருக்காக் கேப்பமெண்டு எடுத்தனான். அவ போகாதையெண்டால் நிண்டிடுவன்."

"இதுக்கெல்லாம் அவவைக் கேக்கோணுமோ? நீர் என்ன சின்னப் பிள்ளையோ?"

அவன் சிரித்தான். "அதுவும் சரிதான் அண்ணை. நான் எடுத்தனானெண்டு சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. டயறியில் மட்டும் எழுதினேன். வியாழன், காலை பதினொன்று இருபது, நாலு நிமிடம், நாளை மலைக்குப் போகிறான்.

அடுத்த ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பிறகு அந்தக் கியூபெக்காரன் எடுத்தான். மலையில் நாட்கணக்கில் பனிப்புயல் அடித்ததாம். இவனுடைய உடல் கொட்டிலுக்குப் போகும் பாதையில் ஒரு பாறையோரம் கிடந்ததாம். கொட்டிலில் அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லையாம். இவன் எந்த நாள் புறப்பட்டான் என்பது தூரத்து ஆஸ்பத்திரியில் கிடந்த கூட்டாளி உட்பட யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிழமைக்குள், அந்த ஏழு நாளில் ஏதோ ஒரு நாள் என்று பொலிஸ் எழுதிக் கொடுத்தது.

கொழும்பில் இருந்த அவன் தாய்க்கு அது போதவில்லை. அழுது முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி திதி. எந்தத் திதியில் இறந்தான் என்று தெரிந்தால்தானே வருசா வருசம் திவசம் கொடுக்கலாம். கோயில் ஐயரைக் கேட்டோம். திதி தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம், அதற்கு இடமுண்டு என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. அமாவாசை என்று முடிவாகிவிட்டால் என் டயறியை யாரும் புரட்டத் தேவையில்லை.

என் மனைவி ஒப்பவில்லை. "ஆரெண்டு தெரியாமல் செத்த ஆக்களுக்குச் செய்யிற மாதிரியோ மச்சானுக்கும்? நீங்கள் எல்லாம் எழுதுறனீங்களெல்லோ. கடைசியா எப்ப எடுத்தவனெண்டு பாருங்கோ."

நான் டயறியைக் கையில் வைத்துக்கொண்டே அவளுக்குத் தெரிந்த கடைசி அழைப்பை வாசித்தேன். "ஞாயிறு, பின்னேரம் நாலு அஞ்சு. பத்தொன்பது நிமிசம்."

"நிமிசமும் எழுதினனீங்களோ?"

நான் டயறியை மூடினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சோற்றை வடிக்கப் போனாள்.

மூன்று நாள் அதோடு இருந்தேன். பிழையான நாளில் கொடுக்கிற பிண்டம் அவனுக்குப் போய்ச் சேராது என்று அந்தத் தாய் நம்பினார். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் சரியான நாள் என் கைப்பட எழுதிய தாளில் இருக்க, அவர் சாகும்வரை பிழையான நாளில் திவசம் நடக்கப்போவது பொறுக்கவில்லை. இது நல்ல மனம் என்று சொல்லமாட்டேன். பிழையான கணக்கோடு களஞ்சியத்தைப் பூட்டி எனக்குப் பழக்கமில்லை.

நான்காம் நாள் அந்தப் பக்கத்தை விரித்து அவள் முன் வைத்தேன். அவன் பேசியதையும் நான் பேசியதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் அந்த ஒற்றை வரியை விரலால் தொட்டு வாசித்தாள்.

"நான் அப்ப எங்கை நிண்டனான்?"

"கீழை. உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு."

"நான் போகாதையெண்டுதான் சொல்லியிருப்பன்" என்றாள்.

பஞ்சாங்கத்தை எடுத்து வந்து என் முன் வைத்தாள். அது இலங்கை நேரத்துக்குக் கணித்தது. விடியப் புறப்பட்டும் கொட்டிலைச் சேராதவன் அந்த இரவைத் தாண்டியிருக்க முடியாது. மலை இருந்த மேற்குப் பக்கத்து நேரத்துக்கு மாற்றி, அந்த வெள்ளிக்கிழமை மாலையையும் இரவையும் இரண்டு முறை சரிபார்த்தேன். ஐப்பசி அபரபக்கச் சதுர்த்தி, தேய்பிறையின் நாலாம் நாள். அவளே கொழும்புக்கு எண்ணைச் சுழற்றி என் கையில் தந்தாள்.

திதியைச் சொன்னேன். தாய் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "தம்பி, நீங்கள் எழுதி வைச்சபடியாலை என்ர பிள்ளைக்கு ஒரு நாள் கிடைச்சுது. உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்றார்.

பக்கத்தில் நின்ற அவளுக்கும் அது கேட்டது. அவள் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ஓம் மாமி" என்றாள். "அவர் எல்லாம் எழுதி வைப்பார்."