அண்ணன் தலைகீழாக மாட்டிய கதவுகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் யாரும் அவர் உட்கார்ந்திருந்து அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். அட்டைக்கு ஒரு படம் தேடியபோது எங்களுக்கும் அதுதான் சிரமமாக இருந்தது. எல்லாப் படங்களிலும் எங்கோ கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

பெங்களூர் மர்பி டவுனில், நாங்கள் இன்றும் வசிக்கும் இதே வீட்டில்தான் அண்ணன் பிறந்தார். பத்தாவது படிக்கும்போது அப்பா காலமானார். படிப்பை விட்டு, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவார். அந்த ஓட்டத்துக்கு நடுவிலேதான் அம்மாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்டார், என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் கோலார் தங்கவயலிலிருந்து அண்ணி மணமாகி வந்தார். முதல் மழைக்காலத்திலேயே அவருக்கு இளைப்பு கண்டது. குளியலறைச் சுவரை ஒட்டி எங்கள் வீட்டில் ஒரு மர அலமாரி உண்டு. இறுக மூடும் பலகைக் கதவுகள். உள்ளே துணிகளில் பூஞ்சை வாடை அடிக்கும். அதைத் திறந்தாலே அண்ணிக்கு மூச்சுத் திணறும். நான் அப்போது படித்த திமிரில் இருந்தேன். "வேலைன்னா மட்டும் இவங்களுக்கு இளைப்பு வந்துடுது" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு நாள் சொன்னேன். தங்கையைப் பார்க்க வந்திருந்த அண்ணியின் அண்ணன் வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டார்.

"மொதல்ல வீட்ட சரி பண்ணுங்க மாப்ள. அப்பறம் அனுப்பறேன்" என்று சொல்லி அன்றைக்கே அண்ணியை ரயிலேற்றி அழைத்துப் போனார்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். துணி வைக்கும் இடத்தில் காற்று போக வேண்டும் என்று அண்ணியைப் பார்த்த டாக்டர் சொன்னது அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு, இடித்த பங்களாக்களின் மரச்சாமான் விற்கும் கடையிலிருந்து இரண்டு பழைய ஜன்னல் கதவுகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மெல்லிய பட்டைகளைச் சாய்வாக அடுக்கிய கதவுகள். மூடியிருந்தாலும் காற்று போகும்.

அலமாரிக்கு அவை ஒரு சாண் உயரம் அதிகம். அண்ணன் பொறுமையில்லாமல், சட்டத்தைக் கழற்றாமலே அறுத்தார். பட்டைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தேய்த்து, மறுபடி கோத்தார்.

"மெஷின்னா சத்தத்துலயே சொல்லிடும். இந்த மரம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றார்.

"நீங்க போயி அண்ணியக் கூட்டிட்டு வாங்கண்ணா."

"இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு போறது? கதவு முடியட்டும்."

மூன்று ஞாயிறுகள் போயின. கதவுகளை மாட்டிய பிறகும் திறப்பதும் மூடுவதுமாக அவர் நின்றதைப் பார்க்க முடியாமல், அவரிடம் சொல்லாமல் நானே தங்கவயலுக்கு ரயிலேறினேன்.

அண்ணியின் அம்மா தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, "நான் சொன்னது தப்பு அண்ணி" என்றேன்.

"அவரு இன்னா பண்றாரு?" என்று அண்ணி கேட்டார்.

"அலமாரிக்குக் கதவு பண்றாரு. வீட்ல இருக்கற நேரமெல்லாம் அதேதான்."

"அவருக்கு மர வேலை தெரியாதே."

"தெரியாது."

அன்று மாலையே என்னோடு புறப்பட்டார்.

அண்ணியை வாசலில் கண்டதும் அண்ணன் கையிலிருந்த திருப்புளியால் அலமாரியைக் காட்டினார். கதவு மூடியிருந்தும், அண்ணி நின்ற இடத்திலிருந்தே பட்டைகளின் இடைவெளி வழியே உள்ளே மடித்து வைத்த லுங்கி, பனியன் எல்லாம் தெரிந்தன.

"ஏங்க, பட்ட உள்பக்கமா சாஞ்சிருக்கு. தூசியெல்லாம் உள்ளதான் போவும்."

ஜன்னலில் இருந்தபோது மழை வெயில் படாத உள்பக்கம் வழவழப்பாக இருக்கிறதென்று அண்ணன் அதையே வெளியே தெரியும்படி மாட்டிவிட்டார். அதனால் சாய்வு மாறிவிட்டது. "மூணு வாரம்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தார்.

அண்ணி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, "கழட்டுங்க. இத தலகீழாத் திருப்பி அந்தப் பக்கம் மாட்டுங்க. அத இந்தப் பக்கம்" என்றார்.

அப்படியே செய்தார்கள். சாய்வு சரியாகிவிட்டது. கீழே வர வேண்டிய அகலச் சட்டம் மட்டும் மேலே போய்விட்டது. யாராவது கேட்டால், "வூட்டம்மா டிசைன்" என்பார் அண்ணன்.

அடுத்த மாதம் அண்ணியின் அண்ணன் வந்தார். அலமாரிக்குள் கையை விட்டுத் துணிகளைத் தொட்டுப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் போனார். இளைப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் அண்ணி அதற்காக ஊருக்குப் போகும்படி ஆகவில்லை.

சென்ற ஆண்டு வேலையிடத்தில் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள், "எப்ப எந்திரிக்கலாம்?" என்று ஒவ்வொரு நர்ஸையும் கேட்டார். பதினோராம் நாள் கேட்கவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய தொழிற்சாலை நண்பர்களுக்கும், பத்து நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், கடைசிவரை உடன் நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று என்னோடு திரும்பி வந்ததற்காக அண்ணிக்கும் இங்கே நன்றி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த அண்ணி அதை நீக்கச் சொல்லிவிட்டார். "எங்க வூட்டுக்கு நான் வந்ததுக்கு எதுக்கு நன்றி?" என்று கேட்டார்.