உடைசல் பிஸ்கெட்

எங்க பிஸ்கெட் கம்பெனியில புதுசா யார் சேர்ந்தாலும் முதல் நாள் நான் சொல்றது ஒண்ணுதான்: "வயிறு முட்டத் தின்னு, யாரும் கேக்க மாட்டாங்க." நாலே நாள்ல அந்த வாசனைக்கே குமட்டும். அப்புறம் திருட்டும் இல்ல, காவலும் வேண்டாம். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு மத்தவங்க புத்தகத்துல படிச்சாங்க, நாங்க பல்லுல அரைச்சுப் படிச்சோம்.

எங்ககூட பிஸ்கெட் சுட்டுக்கிட்டிருந்த அடுப்புக்காரரும் அப்படித் தின்னு ஓய்ஞ்சவர்தான். கைக்குழந்தையை விட்டுட்டு சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா. மனுஷன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினா அதிசயம். சனிக்கிழமைதோறும் எங்களுக்கு உடைஞ்ச பிஸ்கெட் ஒரு கிலோ சும்மா குடுப்பாங்க. நாங்க அக்கம்பக்கத்துல தள்ளிவிட்டுடுவோம். அவர் மட்டும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போவார். பொண்ணு வாசல்லயே குதிப்பா.

பத்து வயசுல அந்தக் குதிப்பு நின்னு போச்சு. தனக்குக் குமட்டுறது மகளுக்கும் குமட்டும்னு இந்த மனுஷன் மண்டையில ஏறவே இல்ல. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும்.

அவ கல்யாணமாகி மூணு தெரு தள்ளிப் போனா. இவரும் வேலையை விட்டு நின்னார். அப்பவும் சனிக்கிழமை தவறாம, கடையில வாங்கியாவது, பையோட போய் நிப்பார். கடைசியா அவ பொறுமையாத்தான் சொன்னா: "அப்பா, இனிமே பிஸ்கெட் வேண்டாம்பா. பாத்தாலே வயித்தைப் புரட்டுது."

"சரிம்மா"ன்னார். அடுத்த சனிக்கிழமை போகல. அதுக்கடுத்ததும் போகல. ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. அவ போன் பண்ணா, "நல்லா இருக்கேன்"னு சொல்லி வெச்சிடுவார். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அவ என்கிட்ட வந்து அழுதா. "அப்பா கோவிச்சுக்கிட்டாரா அத்தை?"

ரெண்டு பேருமா போனோம். ஒத்தை ரூம். இஸ்திரி போட்ட சட்டையோட, தலையெல்லாம் வாரி, கட்டில்ல உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டிருந்தார். எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, கோவமாவும் இருந்துச்சு.

"பெத்த பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா இப்படியா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க, அண்ணே?"ன்னு பிடிபிடின்னு பிடிச்சேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா"ன்னார். அப்புறம் மகளைப் பாத்தார். "வாராவாரம் கிளம்பத்தான் செய்றேன். உங்க தெரு முனை வரைக்கும் வந்துடறேன். கையில ஒண்ணும் இல்லாம உள்ள வந்து, உன்கிட்ட என்ன பேசுறதுன்னுதான் தெரியல."

அவ பக்கத்துல போய் உக்காந்தா. அவளுக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல.