பதினெட்டாம் அத்தியாயம்

ஜெகதீசனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். புனேவில் கோர்படி வீட்டிலிருந்து மனைவி வனஜாவோடு ஆட்டோ பிடித்து, காலை ஏழு மணிக்கு ஹடப்சர் மருத்துவமனையில் போய்ப் படுத்தால் பதினொன்று வரை எழுந்திருக்க முடியாது. இடது கையில் இரண்டு ஊசிகள். வலது கையில் ஒரு புத்தகம்.

கோயமுத்தூர்க்காரர். பம்ப் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்ட இருபத்தாறு வயதில் புனேவுக்கு வந்தார். ஐம்பத்து மூன்றில் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருக்கு விஞ்ஞானக் கதை என்றால் உயிர். வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. வேலையிடத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லை. இத்தனை வருஷம் படித்ததெல்லாம் மனசுக்குள்ளேயே கிடந்தது.

பக்கத்துக் கட்டிலில் அம்ருதா என்ற மராத்திப் பள்ளி ஆசிரியை இருந்தாள். வயது முப்பத்து நான்கு. ஒருநாள் அவள் ஜெகதீசனின் புத்தக அட்டையைப் பார்த்துவிட்டு, சித்தப்பா முறை வைத்து இந்தியில் கேட்டாள். “காகா, என்ன படிக்கிறீங்க?”

“விண்வெளிக் கப்பல் கதை, டீச்சர். போய்ச் சேர இருநூறு வருஷம் ஆகும். ஏறினவங்க யாரும் ஊரைப் பார்க்கமாட்டாங்க.”

அவள் தன் தலையணைக்கடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். கொங்கண் கடல் வற்றிப்போனபின் நடக்கும் மராத்திக் கதை. அவருடையதை அவளால் படிக்க முடியாது. அவளுடையதில் நாலு வரிக்குமேல் அவருக்கு ஓடவில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு தடவை அவர் ஒரு அத்தியாயம் சொல்வார், அடுத்த தடவை அவள்.

கப்பலிலேயே பிறந்து, அங்குள்ள தோட்டத்தைக் காத்துவரும் பெண்ணை அம்ருதாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “இன்னைக்கு அவ என்ன பண்றா?” என்று கேட்டுக்கொண்டேதான் படுப்பாள்.

பதினெட்டாம் அத்தியாயத்தை ஜெகதீசன் வீட்டில் படித்தார். அதில் அந்தப் பெண் நோய் கண்டு இறந்துபோகிறாள். புத்தகத்தை அதோடு மூடி வைத்துவிட்டார்.

“ஏனுங்க, ஒரு மாதிரியா இருக்கறீங்க?” என்றாள் வனஜா.

“கதையில ஒரு புள்ள செத்துப்போச்சு. அந்த டீச்சர்கிட்ட இத எப்படிச் சொல்றது?”

“சொல்லாம உட்ருங்க. அவளுக்கு இருக்கறது போதாதா?”

அவரும் சொல்லவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டதாக மாற்றினார். அடுத்த முறை தோட்டத்தில் புதுச் செடி நட்டாள் என்றார். மூன்றாம் முறை அம்ருதா இடைமறித்தாள்.

“காகா, மூணு தடவையா நீங்க பக்கமே திருப்பலை. இது புத்தகத்துல இல்லை, இல்லையா?”

அவர் புத்தகத்தை மூடினார்.

“அவ செத்துட்டாளா?”

தலையாட்டினார்.

“என்னைப் பார்த்துப் பாவப்பட இங்க நிறையப் பேர் இருக்காங்க. நீங்களாவது எழுதியிருக்கிறதைச் சொல்லுங்க.”

கோபமாகத்தான் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு பதினெட்டாம் அத்தியாயத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாக இந்தியில் சொன்னார். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். கண்ணீர் காதோரம் வழிந்தது, துடைக்கவில்லை. முடிந்ததும், “அதுக்கப்புறம் தோட்டத்தை யார் பார்த்துக்கிட்டாங்க?” என்று மட்டும் கேட்டாள். மீதி ஆறு அத்தியாயத்தையும் ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தார்.

மார்ச்சில் அம்ருதாவின் அம்மா தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாக நர்ஸ் வந்து சொன்னபோது ஜெகதீசன் கைகூப்பப் பார்த்தார். ஊசிக் கை எழவில்லை. வனஜாவுக்குச் சர்க்கரை நோய், அவளால் கொடுக்க முடியாது. அவர் பெயர் காத்திருப்போர் பட்டியலில்தான் இருந்தது. அன்று அவளுக்காகச் சந்தோஷமாகவும் இருந்தது, தன்னை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. புத்தகத்தைத் திறக்காமலே நாலு மணி நேரம் கிடந்தார்.

ஐந்து மாதம் கழித்து அம்ருதா முகக்கவசத்தோடு வந்தாள். தொற்று பயத்தால் வார்டுக்குள் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று கையசைத்தாள். தான் சொல்லிப் பாதியில் நின்றுபோன மராத்திப் புத்தகத்தை நர்ஸிடம் கொடுத்தனுப்பினாள்.

இப்போது அவர் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். மூன்று வாரத்தில் பத்துப் பக்கம். புரியாத வார்த்தைகளைப் பென்சிலால் கோடிட்டு, போனில் படமெடுத்து அவளுக்கு அனுப்புகிறார். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அர்த்தம் சொல்லி அனுப்புகிறாள். போன வெள்ளிக்கிழமை மட்டும் பதினொரு வார்த்தைகள்.