புள்ளி இல்லாத ஸ்வரங்கள்

முள்பேனா மசியைத் தொட்டது. ‘ஸ’வின் தலைக்கு மேல் ஒரு புள்ளி. அடுத்த வரியில் ‘நி’யின் காலடியில் ஒன்று. மசி காய்ந்ததைப் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கனகத்தின் விரல்கள் தாளைத் திருப்பின. சங்க அலமாரியில் மிஞ்சியவை பாட்டுப் புத்தகத்தின் நாற்பது பிரதிகள். மூன்று மாதமாக இதே வேலை.

தலையில் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, காலடியில் இருந்தால் கீழ் ஸ்தாயி. புள்ளி போய்விட்டால் பாட்டு ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

கனகம் கோவையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் இசைப் பேராசிரியர். பள்ளி இசை ஆசிரியர் சங்கத்துக்கு ஒன்பது வருடம் தலைவர். இந்தப் பாட்டுப் புத்தகத்துக்கு ஆறு வருடம் உழைத்தார். சத்தியமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் பாட வைத்துப் பார்த்து, குழந்தைகளின் குரலுக்கு எட்டாததையெல்லாம் நீக்கினார்.

1992இல் புத்தகம் கோட்டைமேட்டில் அமீர் ஹம்சாவின் அச்சகத்துக்குப் போன வாரம், கனகம் சென்னையில் இருந்தார். பதினொரு இசை ஆசிரியர் பணியிடங்களை ரத்து செய்யும் உத்தரவு தயாராகிக்கொண்டிருந்தது. அதிகாரிகளின் அறை வாசலில் ஐந்து நாள் நின்று அதைத் தடுத்தார். இங்கே அச்சகத்தில், பக்கங்களைப் படம் எடுத்த நெகட்டிவைச் சுத்தம் செய்தவர் புள்ளிகளைத் தூசி என்று நினைத்து மை தடவி மறைத்துவிட்டார். சரிபார்க்க வேண்டிய புரூஃப் சங்கத்துக்கு வந்தது. செயலாளர் வெங்கடபதி திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கனகம் ஊர் திரும்புவதற்குள் புத்தகங்கள் பள்ளிகளுக்குப் போய்விட்டன.

அந்த வருடம் அந்தியூரில் பாட்டுப் போட்டி. மேலே ஏற வேண்டிய இடத்தில் அறுபது குழந்தைகளின் குரலும் ஒன்றாகக் கீழே விழுந்தது. புத்தகத்தில் உள்ளபடி பிசகாமல் பாடினார்கள் என்று நடுவர்கள் முதல் பரிசு கொடுத்தார்கள். தலைவர் என்ற முறையில் கோப்பையை எடுத்துக் கொடுத்தது கனகம்தான்.

தப்பு தன் கடையில்தான் நடந்தது, திருத்தத் தாளைத் தன் செலவிலேயே அடித்துத் தருகிறேன் என்றார் அமீர் ஹம்சா. சங்கக் கூட்டத்தில் அது தோற்றது. எதிர்த்துத் தூக்கிய கைகளில் கனகம் வேலையைக் காப்பாற்றிய அந்தப் பதினொரு பேரின் கைகளும் இருந்தன. அப்படிப் பாடியே வருடங்கள் ஓடின.

1997 மே மாதம் கனகத்துக்கு ஓய்வு. அடுத்த தலைவர் வெங்கடபதி. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் கனகம் கேட்டது ஒன்றே ஒன்று: ஆசிரியர்களின் கோடைப் பயிற்சியில், கையால் புள்ளி வைத்த இந்த நாற்பது பிரதிகளை வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

“புள்ளைகளுக்குப் பழகிப்போச்சுங்க மேடம். இப்பப் போயி மேல பாடுன்னா டீச்சருகளுக்கே தொண்டை எட்டாதுங்க,” என்று சிரித்தார் வெங்கடபதி.

“எட்டுமுங்க. பாட வெச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுனேன்,” என்றார் கனகம். “ஒரு பக்கமாச்சும் பொரட்டிப் பாருங்க.”

“நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்குமுங்க.”

வெங்கடபதி பேனாவை எடுத்து, ‘நாற்பது பிரதிகள் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். புத்தகக் கட்டின் மேல் சணல் முடிச்சு அவிழாமல் இருந்தது. கனகம் அதை இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் கொடுத்தார்.