ஓனர் பெயர் பின்கண்ணாடியில்

சிறுமலைக்கு ஒரு நடை போய் வர வேண்டும் என்பது எனக்கு ஐந்து வருட ஆசை. கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் அது நடந்தது. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வண்டி சர்வீஸ் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பெரிய காரணம் வேறு எதுவும் இல்லை. வழக்கம்போல வழி, நேரம், செலவு எல்லாம் இந்தப் பதிவில் இருக்கும். நடுவில் நான் செய்த கேவலமான காரியம் ஒன்றும் இருக்கும். அதை விட்டுவிட்டு எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். விட்டால் இந்தப் பயணத்தில் எழுத வேறொன்றும் மிச்சமில்லை.

திருச்சியில் என் வீட்டிலிருந்து காலை 5.40க்குக் கிளம்பினேன். நான்குவழிச் சாலை, சரியாக 101 கிலோமீட்டர். 7.30க்கு திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி, பொங்கல், காபி என்று 95 ரூபாய்க்குச் சாப்பிட்டு முடித்துவிட்டேன். திண்டுக்கல்லுக்குப் போய் இட்லியா என்று கேட்பவர்கள் காலை ஏழரை மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுப் பார்க்கலாம். அறை வாடகை 1,100 ரூபாய். பையைப் போட்டுவிட்டு, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட ஒரு வேலையை முடிக்க ஸ்டிக்கர் கடை தேடினேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் விராலிமலை அருகே ஒரு லாரியிடமிருந்து மயிரிழையில் தப்பினேன். அன்றிலிருந்து என் காரின் பின்கண்ணாடியில் ‘இந்த வண்டி இயேசுவுக்குச் சொந்தம்’ என்று எழுதியிருக்கும். வெயிலில் அந்த எழுத்து வெளுத்துவிட்டது. பேகம்பூர் பக்கம் போகும் சாலையில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் ஒரு பாய், ஐம்பது வயது இருக்கும். பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அளவு நாடாவை நீட்டினார்.

“எழுத்து எம்புட்டுப் பெருசு வேணும் சார்?”

“பின்னாடி வர்றவன் தூரத்துலேருந்தே படிக்கணும் பாய்.”

“அப்ப நாலு இஞ்ச் போட்ருவோம். கண்ணாடி முழுக்க வந்துரும், பரவால்லையா?”

“வரட்டும்.”

சிவப்பு எழுத்து, வெள்ளை ஓரம், இரண்டு வரி. 450 ரூபாய். ஒட்டி முடித்துத் துணியால் நீவிவிட்டு, “இன்னைக்கு ஒரு நாள் பாத்துக்கங்க. பசை இறுகிருச்சுன்னா அப்புறம் நீங்க நெனச்சாலும் எடுக்க முடியாது” என்றார். நான் ஏன் எடுக்கப் போகிறேன் என்று சிரித்தேன். எதிர்ப்பக்கத்துக்குப் போய் நின்று பார்த்தேன். சாலையின் அந்தக் கரையிலிருந்தும் தெளிவாகத் தெரிந்தது. மனம் நிறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சிறுமலைக்கு நத்தம் சாலையில் போக வேண்டும். ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வலப்பக்கம் மலைச்சாலை பிரிகிறது. அடிவாரத்தில் வனத்துறை சோதனைச்சாவடி. வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள், பிளாஸ்டிக் இல்லை என்று பார்த்துவிட்டு விட்டார்கள். அதன்பின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. 11.10க்கு அடிவாரம், 12.00க்கு மேலே. சாலை நன்றாக இருக்கிறது, ஆனால் சில இடங்களில் இரண்டு வண்டி ஒதுங்க முடியாத அளவுக்குக் குறுகல். மலைப்பக்கம் முழுக்க மழைநீர் ஓடும் வடிகால். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். சுமையோடு ஏறுகிறவன் நின்றால் திரும்பக் கிளப்புவது கஷ்டம். கொல்லிமலைப் பதிவில் இதை நானே தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

மேலே சாப்பாடு 100 ரூபாய், ரசம் பிரமாதம். ஒரு சீப்பு மலைவாழை 80 ரூபாய்க்கு வாங்கினேன். தோல் கறுத்திருந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அப்போதுதான் ருசி. தோட்டங்களிலிருந்து வாழைத்தார்களைக் குதிரைகள் சுமந்து வருவதைச் செத்த நேரம் நின்று பார்த்தேன். காட்சிக் கோபுரத்தில் பனிமூட்டம் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூன்று மணிக்குத் தூறல் விட்டது. திண்டுக்கல் மலைக்கோட்டையை மாலை வெளிச்சத்தில் படம் எடுக்கலாம் என்று தோன்றியது. 3.10க்கு இறங்க ஆரம்பித்தேன்.

பன்னிரண்டாம் வளைவுக்குச் சற்று மேலே, குறுகலான இடத்தில், எதிரே ஒரு பிக்கப் வண்டி ஏறி வந்தது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பெரிய சமையல் பாத்திரங்களும் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. ஓட்டியவருக்கு நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு பெண். ஓட்டியவர் கையைக் காட்டி என்னைப் பின்னால் போகச் சொன்னார். எனக்குப் பின்னால் இருபதடியில் ஒதுங்க இடம் இருந்தது. எனக்கு அது தெரியும். ஆனாலும் நான் ஹாரனை அழுத்திப் பிடித்தேன்.

“சார், லோடு இருக்கு. நீங்க கொஞ்சம் பின்னால எடுங்க.”

“நீ எடுய்யா ரிவர்ஸ்” என்றேன். அவர் மறுபடியும் கையைக் காட்டினார். அப்போது அவருடைய தாயை இழுத்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். இங்கே எழுத முடியாத வார்த்தை. அந்தப் பெண் என்னைப் பார்த்தார், உடனே மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பிக்கப் பின்னால் போனது. நனைந்த சாலை. வளைவை நெருங்கும்போது பின்சக்கரம் ஒன்று வடிகாலுக்குள் இறங்கி வண்டி சாய்ந்தது. கயிறு நழுவி ஓர் அண்டா உருண்டு, சாலையில் இடித்து, பாறை ஓரம் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. எனக்கு வழி கிடைத்துவிட்டது. உரசிக்கொண்டு தாண்டிப் போய், என் பக்கவாட்டுக் கண்ணாடியில் கீறல் விழுந்ததா என்று பார்க்க நிறுத்தினேன். ஆமாம், என் வண்டியின் கீறலைப் பார்க்கத்தான்.

அதற்குள் பிக்கப் ஓட்டியவர் இறங்கி என் காருக்குப் பின்னால் வந்திருந்தார். திறந்த ஜன்னல் வழியாகக் கேட்டது. நான்கு அங்குல எழுத்தை ஒவ்வொரு சொல்லாக நிதானமாக வாசித்தார். பிறகு, சத்தம் போடாமல், “ஓனரு ரொம்ப நல்லவருன்னு எங்க வீட்டுல தினமும் சொல்லுவாக. டிரைவர்தான் சரியில்ல போலருக்கு” என்றார்.

காதில் விழாத மாதிரி கியரைப் போட்டு இறங்கிவிட்டேன்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. 3.50க்கு நிறுத்தினேன். டீ 12 ரூபாய். ஒரு மடக்குதான் குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டுக் காரின் பின்னால் போய் நின்றேன். ஒட்டி ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. யாரும் பார்க்கவில்லை. முதல் ‘இ’ எழுத்தின் கீழ் முனையை நகத்தால் நெம்பினேன். பாய் சொன்னது சரி, பசை இன்னும் இறுகவில்லை. ஒரு துண்டு லேசாக வந்தது. முழுவதையும் உரித்து எறிந்துவிட்டால் நான் வெறும் ஒரு முரட்டு டிரைவர், அவ்வளவுதான், ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த நினைப்பு வந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. நான் அசிங்கப்படுத்தியது என் பெயரை இல்லை. என் பெயர் அந்தக் கண்ணாடியில் எங்கேயும் இல்லை.

4.05க்கு வண்டியைத் திருப்பினேன். மறுபடியும் பன்னிரண்டு வளைவு.

பிக்கப் அங்கேயே சாய்ந்து கிடந்தது. பைக்கில் வந்த இரண்டு பேர் கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை வா என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வடிகாலில் இறங்கித் தோள் கொடுத்தேன். நான்காவது முறை தள்ளியபோது சக்கரம் மேலே ஏறியது. பைக்கில் வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். பிக்கப் ஓட்டியவர் கயிற்றை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார்.

அந்தப் பெண் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கவாட்டில் ஒரு கை அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது.

“அண்ணே, நீங்க எந்தச் சபை?”

விசுவாசிகள் சந்தித்தால் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். வாழ்நாள் முழுக்கப் பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று மெதுவாகத்தான் சொன்னேன். அங்கே இருபது வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

அவர் பெயர் செல்வி. ஓட்டியவர் கணவர் முருகேசன். மேலே இவர்களுடைய சிறிய சபையில் மறுநாள் அன்பின் விருந்து, ஆராதனை முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. அதற்குத்தான் நாற்காலியும் பாத்திரமும்.

“இவரு சாமி கும்பிடுற குடும்பம்ண்ணே. பதினோரு வருசமா என்னையக் கொண்டாந்து விட்டுட்டு வாசல்லயே நிப்பாரு. நாளைக்கு உள்ள வந்து உக்காருறேன்னு அவராத்தான் சொன்னாரு. நான் கேக்கக்கூட இல்ல. இப்ப வரலைங்கிறாரு.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முருகேசனிடம் போனேன். “தம்பி, ஏதோ அவசரத்துல…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். “அவசரம் ஒண்ணும் இல்ல. திமிரு. பின்னாடி இடம் இருந்ததும் எனக்குத் தெரியும். உங்க அம்மாவ இழுத்துப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க.”

அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“ரோட்டுல கேக்காத வார்த்தையா சார். எனக்கு அது ஒண்ணுமில்ல. இவ காதுல விழுந்துச்சு பாத்தீங்களா, அதுதான். அம்புட்டு நம்பிக்கையா இருக்கா. அந்த எழுத்தப் பாத்ததும் அவ மொகத்த நீங்க பாக்கல.”

கிளம்பும்போது செல்விதான் சொன்னார்: “நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆராதனைண்ணே. வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் ஏதாவது ஒரு சர்ச்சுக்குப் போய்விட்டு மதியம் கொடைரோடு பக்கம் சுற்றுவதாகத் திட்டம். அதை விட்டுவிட்டு 7.45க்கு மறுபடியும் மலை ஏறினேன். இறங்கிய வண்டிகள் எல்லாம் எனக்கு ஒதுங்கி நின்றன. ஒவ்வொன்றுக்கும் கை காட்டினேன்.

தகரக் கூரை போட்ட சிறிய கட்டிடம். நாற்பது பேர் இருந்தோம். முருகேசன் வெளியே அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். செல்விக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஒருமுறைதான் வாசலைத் திரும்பிப் பார்த்தார். வெளியூரிலிருந்து வந்தவர் இரண்டு வார்த்தை பேசலாம் என்று போதகர் அழைத்தார். இந்த மாதிரி நேரத்துக்கு என்னிடம் ஒரு நல்ல சாட்சி தயாராகவே உண்டு, அந்த விராலிமலை லாரிக் கதை. அதைச் சொல்லவில்லை. நேற்று பன்னிரண்டாம் வளைவில் நான் என்ன செய்தேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அடிவாரத்தில் ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்ததையும் சொன்னேன். பேசும்போது, கையில் கரண்டியோடு வாசற்படி வரைக்கும் முருகேசன் வந்து நின்றது தெரிந்தது. நான் முடித்தபோது திரும்ப அடுப்புக்குப் போய்விட்டார். உள்ளே வரவில்லை.

வந்திருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி முடித்திருப்பேன். ஒரு வீட்டில் பதினோரு வருடம் ஒரு பெண் வாய்திறந்து கேட்காமல் வாழ்ந்து காட்டிச் சம்பாதித்த நல்ல பெயரை, நான் ஒரே வார்த்தையில் சிதைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டதால் அது அப்படியே திரும்பி வந்துவிடாது. ஆண்டவருடைய பெயரை நான் கண்ணாடியில் நான்கு அங்குலத்துக்கு எழுதினேன். செல்வி எங்கேயும் எழுதவில்லை. அதை முருகேசன் அந்த வீட்டில் தினமும் வாசித்துக்கொண்டிருந்தார்.

விருந்தில் பரிமாறியது முருகேசன்தான். ஒடுங்கிய அந்த அண்டாவில்தான் சாம்பார். “வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைக்கவா சார்?” என்று பொரியல் கரண்டியோடு இரண்டு முறை கேட்டார். சாப்பிட்டபின் கார் வரைக்கும் கூடவே வந்தார். பின்கண்ணாடியில் முனை பிய்ந்திருந்த எழுத்தை விரலால் தடவினார்.

“பசை இறுகிருக்கும். ஆனா பிளேடு வச்சா எடுத்துரலாம்” என்றேன். “எடுத்துடறேன் தம்பி. இதை மாட்டிக்கிட்டுத் திரியுற தகுதி எனக்கு இல்ல.”

“வேணாம் சார்.” சற்று யோசித்தார். “எடுத்துட்டா நீங்க எப்புடி ஓட்டுனாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. ஓனரு பேரு இருந்தாத்தான புகார் சொல்ல முடியும்?”

“அடுத்த ஞாயிறு… உள்ள வந்து உக்கார…” என்று இழுத்தேன்.

“பாப்போம் சார். பாத்துப் போங்க.”

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். திண்டுக்கல்லிலிருந்து மேலே 25 கிலோமீட்டர். பேருந்து குறைவு, நேரத்தைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். இரண்டு நாளுக்கு எனக்கு ஆன பெட்ரோல் 2,900 ரூபாய்; அதில் இரண்டு முறை மலை ஏறியது என் தவறுக்காக, உங்களுக்கு அவ்வளவு ஆகாது. மழை பெய்த அன்று மூன்று மணிக்கு முன்பே இறங்கிவிடுங்கள். வழியில் ஏறும் வண்டி வந்தால் நின்று ஒதுங்குங்கள். எதிரே வருகிறவர் யாருடைய நம்பிக்கையைச் சுமந்து வருகிறார் என்று நமக்குத் தெரியாது.

சாம்பல் நிறக் கார், பின்கண்ணாடியில் இரண்டு வரி சிவப்பு எழுத்து, முதல் எழுத்தின் கீழ் முனை பிய்ந்திருக்கும். எங்காவது அது தாறுமாறாகப் போவதைப் பார்த்தால் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள். ஓனர் பெயர் எழுதியிருக்கிறது. டிரைவர் நான்.